குறுக்கே வந்த நாய்

அந்தப் பையை நகத்தாதீங்க. உக்காருங்க, நல்லா உக்காருங்க, எடம் இருக்குது. பையை மட்டும் தொட வேண்டாம். உள்ள கூரா ஒரு சாமான் இருக்குது, கையைக் கிழிச்சுரும். நானே மடியில வெச்சுக்கறேன்.

திண்டுக்கல்லுல ஏறுனதுல இருந்து இந்தக் கண்டக்டரு அதை மேல ஏத்துங்க, மேல ஏத்துங்கன்னு உசுர எடுக்கறாரு. என்ற மடி, என்ற சாமான், உங்களுக்கு என்னங்கன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டாரு. ஒரு கேள்வி கேட்டா ஒருத்தருக்கும் பொறுக்கறதில்லீங்க இப்பெல்லாம்.

நீங்க எதுவரைக்கும்? உடுமலையா? சரியாப் போச்சு. உடுமலைக்காரனாலதான் நான் இந்தப் பஸ்ஸுல குலுங்கிட்டு வர்றேன். காலையில நான் திண்டுக்கல்லுக்கு வந்தது கார்ல. என்ற தங்கச்சி வீட்டுக்காரனோட காரு. அவன் பக்கத்துல, முன்சீட்டுல உக்காந்து வந்தேன். திரும்பிப் போறது பஸ்ஸுல. ஏன்னு கேளுங்க. கேக்கலீன்னாலும் சொல்லப் போறேன், உடுமலை வரைக்கும் நேரம் கெடக்குது.

அவன் பேரு தரணிதரன். எங்க பாலிடெக்னிக்ல எங்கிட்டப் படிச்சவன். நான் மெக்கானிக்கல் எடுக்கறேன், பொள்ளாச்சியில. நல்ல பையன், அடக்கமான பையன், எதுத்துப் பேசமாட்டான்னு பாத்துத்தான் என்ற தங்கச்சி கலாமணிய அவனுக்குக் குடுத்தோம். இன்னைக்கு வரைக்கும் எதுத்துப் பேசுனதில்ல. அதுதானுங்க பிரச்சினையே. அதுக்கு வர்றேன்.

மில்லுல சூப்பர்வைசரா இருக்கறவனுக்குத் திடீர்னு சைக்கிள் கிறுக்குப் புடிச்சுது. சும்மா காலையில ஓட்டிட்டு வந்து இட்லி திங்கற கிறுக்கில்ல. துணிமணி, கூடாரம், அடுப்பு எல்லாத்தையும் சைக்கிள்ளயே கட்டிக்கிட்டு நாள்கணக்காப் போறது. எங்க இருட்டுதோ அங்க படுத்துக்கறது. பைக்பேக்கிங்னு பேரு. மறையூர்ல ஆரம்பிச்சு, மூணாறு ஏறி, போடிமெட்டுல எறங்கி, தேனி, மதுரைன்னு போயி தனுஷ்கோடியில கடலைப் பாக்கோணும். அதுதான் அவன் ஆசை.

அதுக்குண்டான பை, பின்னாடி மாட்டற கேரியரு எல்லாம் கடையில வாங்கறதுக்குப் போன்ல படம் பாத்துட்டு இருந்தான். நான் பாத்துட்டேன். "மாப்ள, மெக்கானிக்கல் வாத்தியாரு வீட்டுல பொண்ணெடுத்துட்டு இதையெல்லாம் கடையில வாங்குவியா? நான் செஞ்சு தர்றேன்"னேன்.

"வேண்டாங்க மச்சான், உங்களுக்கெதுக்குச் சிரமம்"னான்.

"எனக்கென்ன சிரமம்?"

"இல்லீங்க மச்சான், ஏற்கெனவே ஆர்டர் போட்டுட்டேன்."

"கேன்சல் பண்ணு"ன்னேன். பண்ணிட்டான். அவ்வளவு மரியாதைங்க எம்மேல.

லீவு பூரா அதுக்குத்தான் ஒழைச்சேன். சைக்கிளோட நடு முக்கோணத்துல மாட்டற பை இருக்குதில்லீங்களா, அதைக் கல்யாண மண்டபத்துல கழட்டிப் போட்ட பிளக்ஸ் பேனர்ல செஞ்சேன். செருப்புத் தெக்கற ஊசி, நைலான் நூலு. உள்பக்கம் எட்டிப் பாத்தா பொண்ணும் மாப்பிள்ளையும் கும்புட்டுட்டு நிப்பாங்க. பிளக்ஸுல தண்ணி எறங்காது. தையலோட்டையில எறங்கும், அதுக்கு மெழுகு தேய்க்கோணும். அதை அவங்கிட்டச் சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேன், அதுக்குள்ள கெளம்பிட்டான். மூணாறு மழையில படுக்கையெல்லாம் நனஞ்சிருச்சாம். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வெக்கத் தெரியாதுங்களா? இதுக்கும் நானே சொல்லோணுமா?

தண்ணிக் கேன் மாட்டறதுக்குப் பிவிசி பைப்பை அடுப்புல வாட்டி, விரிச்சு, ஒரு தாங்கி செஞ்சேன். சும்மா சொல்லக்கூடாது, இன்னைக்கும் அவன் சைக்கிள்ள அது இருக்குது. நானே பாத்தேன்.

அப்புறம் கேரியரு. ரேக்குன்னுதான் அவங்க சொல்றாங்க. அதுதான் என்ற உழைப்பு. அவன் சைக்கிள்ள ரேக்கு மாட்டறதுக்குத் துளையே இல்ல. கிளாம்பு போட்டுப் புடிச்சேன். அலுமினியப் பட்டையை வெட்டி, வளைச்சு, துளை போட்டு, அரம் போட்டு, முக்கோணமா நின்னுது பாருங்க, எங்க பிரின்சிபால் வந்து கையில தூக்கிப் பாத்துட்டு "காத்தாட்டம் இருக்குது சார்"னாரு. அன்னைக்கு இந்த மாப்ள என்ன சொன்னான் தெரியுங்களா? "மச்சான், இரும்புக் கம்பியில செஞ்சா கொஞ்சம் வெயிட்டானாலும் தாங்குங்களா?"ன்னு. எங்கிட்டப் படிச்சவன் எனக்கு மெட்டீரியல் சொல்றான். "நட்டு கழலாம இருக்கறதுக்கு நைலான் வெச்ச நட்டு போடலாங்களா?"ன்னான். ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கறேன், அது போதும்னேன். சரிங்க மச்சான்னான். அத்தோட விட்டான்.

வழியும் நான்தான் போட்டுக் குடுத்தேன். காட்டுக்குள்ள சைக்கிளை மிதிக்காதே, யானை நடமாட்டம், உடுமலையிலயே காய்கறி டெம்போவுல ஏத்திக்கிட்டு மறையூர்ல எறங்குன்னு சொன்னது நான். டெம்போக்காரங்கிட்டப் பேசி விட்டதும் நான். எங்க தண்ணி கெடைக்கும், எங்க டீக்கடை, எங்க ஏத்தம் மூச்சு வாங்கும், எந்த எடத்துல உச்சி வெயிலுக்கு ஒதுங்கோணும், எல்லாம் சொல்லி விட்டேன். மூணாறு தாண்டி சின்னக்கானல்ல திரும்பி, சூரியநெல்லி வழியா எஸ்டேட் ரோட்டுல போயி பூப்பாறையில எறங்கு, ரோடு கொஞ்சம் கல்லும் குழியுமா இருக்கும், ஆனா அந்தப் பக்கம் போகாதவனுக்கு அந்த மலையைப் பத்திப் பேச யோக்கியதை இல்லைன்னு சொல்லி அனுப்புனேன்.

போனானா? போகல!

மொத நாளு மறையூர்ல இருந்து ஏறும்போது போன் பண்ணுனான். "மச்சான், அந்தக் கீழ் நட்டு கொஞ்சம் லூசாயிட்டே இருக்குதுங்க"ன்னான். எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. கிளாஸ் நடந்துட்டு இருக்குது, முன்னால பசங்க உக்காந்திருக்கறாங்க. "டைட் பண்ணு. கழுதையாட்டம் குலுக்கி ஓட்டுனா எந்த நட்டுத்தான் நிக்கும்? நட்டு டைட் பண்ணத் தெரியாதவன் எதுக்கு மலை ஏறற?"ன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் ரேக்கைப் பத்தி அவன் வாயைத் தொறக்கவே இல்லீங்க. அப்படீன்னா சரியாயிருச்சுன்னுதான அர்த்தம்? நான் அப்படித்தான நெனைக்கோணும்?

மறுநா போட்டோ அனுப்பறான், மெயின் ரோட்டுலயே போறான். சூரியநெல்லிப் பக்கம் திரும்பவே இல்ல. ஏன் போகலைன்னு கேட்டா, "கால் வலிக்குதுங்க மச்சான், குலுங்காத ரோடாப் பாத்துப் போறேன்"னான். கால் வலிக்கறவனுக்கு ரோடு குலுங்குனா என்ன, குலுங்காட்டி என்னங்க? பூப்பாறையில ரொம்ப நேரம் நின்னிருக்கறான். எதுக்குன்னா டீ குடிக்கவாம். வழி பூரா வீடியோ எடுத்திருக்கறான், அதைப் பின்னாடி நான் பாத்தேன். ஒரு வெல்டிங் பட்டறை முன்னால நிக்கறான். டீக்கடைக்கா பஞ்சம் பூப்பாறையில? பட்டறைக்காரரு தலையை ஆட்டறாரு. அப்புறம் கட்டுக்கம்பி எடுத்துக் குடுக்கறாரு. அலுமினியத்தை அங்க ஒட்டவெக்க முடியாதுன்னு சொல்லியிருப்பாரு போல. ஆனா அப்ப எனக்கு அது மண்டையில ஏறல. டீயைக் காணமேன்னுதான் பாத்தேன்.

போடிமெட்டு எறக்கத்துல விழுந்துட்டான்.

செய்தி வந்ததும் அப்படியே ஓடுனேனுங்க. கலாமணி எனக்கு முந்தியே தேனி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. தோள்பட்டைக்கிட்ட எலும்பு ரெண்டாப் போயிருக்குது. பாதி மூஞ்சி தோல் உரிஞ்சு, கட்டிலோட கெடக்கறான். ஒரு அஞ்சு வெரக்கடை அந்தப் பக்கம் போயிருந்தா பள்ளமாம். நான் என்ன பண்ணுவேன்? பயத்துல வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "ஏய்யா, பிரேக் புடிக்கத் தெரியாதா? எறக்கத்துல எப்படி ஓட்டறதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"னு சத்தம் போட்டேன். நர்ஸு வந்து வெளிய போங்கன்னுட்டா.

அவன் அந்த வீங்குன ஒதட்டோட சிரிச்சான். "நாய் மச்சான். குறுக்க வந்துருச்சு"ன்னான்.

கலாமணி சட்டுனு எந்திரிச்சு வெளிய போயிட்டா. புருசன் அப்படிக் கெடக்கறதைப் பாக்க முடியலயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

உள்ள தகடு வெச்சுத் திருகாணி போட்டு, மாசக்கணக்கா வீட்டுல கெடந்தான். அப்பத்தான் அந்த வீடியோவைப் போட்டான். மறையூர்ல இருந்து போடிமெட்டு வரைக்கும். எம்புட்டுப் பேர் பாத்தாங்கங்கறீங்க! எங்க காலேஜ் பசங்களே எனக்கு அனுப்பறாங்க. உக்காந்து பாத்தேன். பாத்தேன் பாத்தேன், கடைசி வரைக்கும் பாத்தேன், என்ற பேரு ஒரு எடத்துல இல்லீங்க. "இந்தச் சாமானெல்லாம் வீட்டுலயே செஞ்சதுங்க"ன்னு ஒரே வார்த்தை. வீட்டுலயேன்னா யார் வீட்டுல? யாரு செஞ்சது? கை கொப்புளிச்சது யாருக்கு?

அன்னையில இருந்து மனசு ஆறல. கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். அவன் மேலுக்கு முடியாதவன், சரி, தேறட்டும்னு விட்டேன். இன்னைக்குத் திண்டுக்கல்லுல சைக்கிள்காரங்க எல்லாம் கூடறாங்க, இவனைப் பேசக் கூப்பிட்டிருக்கறாங்கன்னு தெரிஞ்சுது. மொதப் பயணத்துக்கு என்ன சாமான் வேணும், வழி எப்படிப் போடறதுன்னு இவன் பேசறானாம்! நானும் வர்றேன்னேன். தங்கச்சி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "எதுக்குங்ணா உங்களுக்கு அலைச்சல்?"னா. அவன்தான், "வரட்டும் கலா, மச்சான் வந்தா எனக்கும் தைரியமா இருக்கும்"னான்.

ஒரு கல்யாண மண்டபத்து மாடி. கூடாரம், பை, அடுப்பு எல்லாம் பரப்பி வெச்சிருக்கறாங்க. எல்லாம் சின்னப் பசங்க, நாலஞ்சு பேரு என்ற வயசுக்காரங்க. இவன் எந்திரிச்சுப் பேசறான், நல்லாத்தான் பேசறான். பாரமான சாமானைக் கீழ வெய்யி, நடுவுல வெய்யி, பின்னாடி ஏத்தாதே. கெளம்பறதுக்கு முந்தி எல்லாச் சாமானையும் கட்டிக்கிட்டு உள்ளூர்லயே ஒரு நாள் மேடு பள்ளத்துல ஓட்டிப் பாரு, அப்பத்தான் எது ஆடுது, எது நிக்குதுன்னு தெரியும். வழியில கெட்டுப்போனா ஊர்ல கெடைக்கற சாமானை வெச்சுச் சரி பண்ற மாதிரி எதையும் தேர்ந்தெடு. எல்லாரும் தலையாட்டறாங்க. அப்ப ஒரு பையன் கேட்டான், "அண்ணா, மொத டிரிப்புல போட்டிருந்த ரேக்கு என்னாச்சுங்க?"

இவன் சொல்றான், "அதை எனக்குச் சரியா மாட்டத் தெரியலைங்க. தப்பு என்னோடது."

அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. மாட்டத் தெரியலைன்னா, மாட்டுனதும் நான்தானுங்களே! செஞ்சவன் பேரையும் சொல்லல, இப்ப மாட்டுனதையும் அவனே எடுத்துக்கறான். எந்திரிச்சுட்டேன். "அதைச் செஞ்சது நானு! மாட்டுனதும் நானு! பொள்ளாச்சி திருமலைசாமி! இவன் மறந்துட்டான், நீங்க மறக்காதீங்க!"ன்னு கத்திட்டேன்.

எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க. கைதட்டுவாங்கன்னு எதிர்பாத்தேனா, எனக்கே தெரியல.

முன்வரிசையில ஒரு பொண்ணு. நஸ்ரின்னு பேரு. தனியாவே கொடைக்கானல் மேல ஏறி எறங்குனவளாம். மரியாதையாத்தான் கேட்டா. "சார், அந்தப் பட்டையை வளைச்ச எடத்துலயே துளையும் போட்டிருந்தீங்களா?"

"ஆமா. அங்கதான் போடோணும். அங்கதான் எடம் இருந்துச்சு."

"வளைச்ச எடத்துல அலுமினியம் ஏற்கெனவே பலம் இழந்திருக்கும் சார். அங்கயே துளையும் போட்டா விட்டுரும். வீடியோவுல மூணாறு டீக்கடை முன்னாடி நிறுத்துறாரு பாருங்க, அப்பவே அந்த விரிசல் தெரியுது. நாங்க எல்லாருமே பாத்தோம். எறக்கத்துல அது ஒடஞ்சு, பை சக்கரத்துக்குள்ள போயிருக்கும்னுதான்..."

"நஸ்ரின், விடுங்க"ன்னான் இவன். மைக்குல கேட்டுச்சு. "நாய் வந்துச்சுங்க. சத்தியமா நாய்தான்."

ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது பரவால்லீங்க.

நான் எறங்கி வந்துட்டேன். பின்னாலயே கலாமணி வந்தா. கார் நிறுத்துற எடத்துல, நட்ட நடு வெயில்ல நின்னு கேட்டேன், "என்னடி, நாய் வந்துச்சா, வரலியா?"

"நாய் எதுவும் வரலீங்ணா"ன்னா.

"அப்ப என்ன மயித்துக்கு எங்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? கொழந்தைக்கு ஊஞ்சல் செஞ்சு குடுத்தீங்க. ஆடறப்போ மேல ஒரு மாதிரி சத்தம் வருதுங்ணான்னு சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு வருசம் எங்க வீட்டுப் படி ஏறல நீங்க. அவளுக்குக் காது குத்துனப்போ தாய்மாமன் மடி இல்லாம, அவங்க பெரியப்பா மடியில உக்கார வெச்சுக் குத்துனோம். இந்தத் தடவை ரேக்குன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அவருதான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் சொன்னாரு. கலா, உனக்குன்னு இருக்கறது உங்கண்ணன் ஒருத்தருதான், நாய்னு சொல்லிருவோம், நாய்க்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு."

சொல்லிட்டு டிக்கியத் தொறந்து, கோணிச் சாக்குல சுத்தி வெச்சிருந்த இந்தச் சாமானை, என்ற ரேக்கை, எடுத்து எங்கையில குடுத்தா. தேனியிலயே தூக்கிப் போட்டுரச் சொன்னானாம் அவன். இவ எடுத்து டிக்கியிலயே வெச்சிருக்கறா. ஏன் எடுத்து வெச்சேன்னு கேட்டேன். "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சதுங்களே, எப்படிங்ணா போடறது"ங்கறா.

பஸ்ஸுக்கு நடந்து வந்துட்டேன். இதுதானுங்க நடந்தது.

இருங்க, பிரிச்சுக் காட்டறேன். பாத்துக் கைய வெய்யுங்க. இதா, இந்த எடம். இது புதுசா ஒடஞ்ச மாதிரி பளபளன்னு இருக்குது பாருங்க, இது விழுந்ததுல ஒடஞ்சது. இந்தப் பக்கம் கறுப்பா ஒரு கோடு ஓடுது பாருங்க, இது... இது முந்தியே இருந்திருக்கும் போல. கொஞ்சமா. துளையைச் சுத்தி. கட்டுக்கம்பி சுத்துன தடம் இதா இங்க. சைக்கிள் டியூபைக் கிழிச்சு அதுக்கு மேல கட்டியிருக்கறான். எத்தனை சுத்து சுத்தியிருக்கறான் பாருங்க, ஒவ்வொரு ஏத்தத்துலயும் எறங்கி எறங்கிக் கட்டியிருப்பான். மலையில, மழையில. கட்டறதுக்கு நேரம் இருந்துச்சில்ல, எனக்கு ஒரு போன் போடறதுக்கு நேரம் இல்லீங்களா?

போட்டான், போட்டான். மொத நாளு போட்டான். அது சரி. மறுக்கா போட்டிருக்கலாமில்ல?

அதைக் கேக்கறேனுங்க நான். இந்தத் துளையைப் பத்தி எனக்கு வருத்தமில்ல. யாரு வேணா தப்பாத் துளை போடலாம். பசங்க தெனம் போடறாங்க. எனக்கு என்ன கோவம்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? நான் என்ன, கடிச்சா திங்கப் போறேன்? புருசனும் பொண்டாட்டியும் கூடி உக்காந்து, பச்சக் கொழந்தைய ஏமாத்தற மாதிரி, நாய்னு சொல்லுவோம்னு பேசியிருக்கறாங்க. அந்தச் சபையில இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் தெரியல. எங்கிட்டப் படிச்சவன் என்னையக் காப்பாத்தறானாம்! எதுக்குங்க என்னைக் காப்பாத்தோணும்? யாரு கேட்டா?

என்னங்க கண்டக்டரு, மறுக்காவும் பையா? கண்ணு தெரியலயா? மடியிலதான இருக்குது! போங்க, போயி டிக்கெட்டைக் கிழிங்க!

பாருங்க, எப்படிப் பயந்துட்டுப் போறாருன்னு. நான் என்ன சொன்னேன் இப்ப? சாதாரணமாத்தான சொன்னேன்? நீங்க ஏனுங்க தள்ளி உக்காந்துட்டீங்க? எடம் பத்தலீங்களா?

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். எடுக்க வேண்டாம்னு பாக்கறேன். விட மாட்டேங்கறான்.

ம். சொல்லு. ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு. ம். எடம் கெடச்சுது. ம். ஆச்சு. ஆச்சுன்னு சொல்றேனில்ல. நீ கையைத் தூக்கி வண்டி ஓட்டாதே, கலாவை ஓட்டச் சொல்லு. ம். வெய்யி.

பாத்தீங்களா? இப்பக்கூட ஒண்ணும் கேக்கல. ஏன் சபையில கத்துனீங்கன்னு கேக்கல. உங்களாலதான் நான் பள்ளத்துல போகப் பாத்தேன்னு சொல்லல. சன்னலோரம் எடம் கெடச்சுதுங்களா மச்சான், சாப்பிட்டீங்களா மச்சான்னு கேக்கறான்.

சாப்பிட்டேன்னு சொல்லிட்டேனுங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல.